பாதி விலைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்: பழைய வண்டியின் விலை எப்படி இறங்கி, எங்கே நின்று, எப்போது ஏறுகிறது

வேலூரில் பழைய கார் வாங்கி விற்பவர் யாரிடமாவது பத்து வருஷத்து இன்னோவா என்ன விலை போகும் என்று கேட்டுப் பாருங்கள். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார். அதே வயதுள்ள, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அப்புறம், "பார்ட்டி வரணும் சார்" என்பார்.

ஸ்போர்ட்ஸ் கார் விலையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு பதிலே நல்ல தொடக்கம். இன்னோவாவுக்கு இங்கே எப்போதும் ஆள் இருக்கிறது. சி.எம்.சி.க்கு வெளிமாநிலத்திலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பம், வி.ஐ.டி.யில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், கல்யாண வீடு, திருப்பதி டிரிப், திருவண்ணாமலை கிரிவலம் என்று அந்த வண்டிக்கு வேலை ஓயாது. பாகம் எல்லாக் கடையிலும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். அதனால் விலை மெதுவாக, ஒழுங்காக இறங்கும். ஸ்போர்ட்ஸ் கார் யாருடைய தேவைக்கும் ஓடுகிற வண்டி இல்லை. அதற்கு ஆசைப்படும் ஆள் வர வேண்டும். அந்த ஆள் இன்றைக்கு வரலாம், எட்டு மாதம் கழித்தும் வரலாம், பெங்களூரிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வரலாம். தேவைக்கு விற்கும் பொருளின் விலையும் ஆசைக்கு விற்கும் பொருளின் விலையும் ஒரே மாதிரி நகர்வதில்லை.

முதலில் இறக்கத்தைப் பார்ப்போம். ஷோரூம் விலை 50 லட்சம் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். அதுவே 10 லட்சம். இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தால் வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது 60 லட்சத்தைத் தாண்டிவிடும். மறுநாளே விற்கப் போனாலும் அந்த 10 லட்சத்தை யாரும் தனியாக எண்ணித் தர மாட்டார்கள். முழுதாக இறக்குமதியான காராக இருந்தால் ஷோரூம் விலைக்குள்ளேயே இன்னொரு பெரிய வரி ஒளிந்திருக்கிறது. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கார்களுக்கு அடிப்படைச் சுங்க வரி பல ஆண்டுகள் 100 சதவீதமாக இருந்தது. அதாவது காரின் விலைக்குச் சமமாக வரி. 2025 பட்ஜெட்டில் பெயரும் பிரிப்பும் மாறினாலும் மொத்தச் சுமை பெரிதாகக் குறையவில்லை.

அடுத்து இன்சூரன்ஸ் கணக்கு. ஐ.டி.வி. என்று பாலிசியில் போடுகிறார்களே, வண்டி முழுதாகப் போனால் கம்பெனி தரும் தொகை, அந்த மதிப்புக்கு நாடு முழுக்க ஒரே அட்டவணைதான். ஷோரூம் விலையில் ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்து வருஷத்துக்குப் பிறகு கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்ய வேண்டியதுதான். ஆக, 60 லட்சத்துக்கு மேல் போட்டு எடுத்த வண்டி ஐந்தாம் வருஷ முடிவில் காகிதத்திலேயே 25 லட்சம். சந்தை இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. இன்னோவா போன்றவை இதற்கு மேலே நிற்கும். விலை உயர்ந்த இரண்டு கதவுக் கார்கள் பெரும்பாலும் கீழே போகும்.

ஏன் கீழே போகிறது என்பதற்கு இன்னொரு காரணம், ஒரே சமயத்தில் விற்பனைக்கு வருவது. இந்த மாதிரிக் கார்களைப் பலர் கம்பெனி பெயரில்தான் வாங்குகிறார்கள். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். ஐந்து வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பாதிக்குக் கீழே வந்துவிடும், வாரண்டியும் முடிந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் முதல் சொந்தக்காரர் அடுத்த மாடலுக்குப் போகிறார். வாங்க ஆள் குறைவு, விற்க வரும் வண்டி கூட. விலை வேறு எங்கே போகும்?

வரி மாறினாலும் பழைய வண்டியின் விலை ராத்திரியோடு ராத்திரியாக நகரும். 2025 செப்டம்பர் 22 அன்று சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு செஸ் போய் மொத்தம் 40 சதவீதம் ஆனது. புது வண்டி விலை இறங்கியதும் பழைய வண்டி வைத்திருந்த வியாபாரிகளும் இறக்கியே ஆக வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தப்படி அங்கிருந்து வரும் கார்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை சுங்க வரி படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய வரி கட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நம் நாட்டில் இந்தக் கார்களின் விலையில் பெரும்பங்கு வரி. அதனால் இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகாமலே விலை விழும்.

சரி, இப்போது நான் நேரில் பார்த்த ஒன்று.

சத்துவாச்சாரி தாண்டி, பெங்களூர் சாலையை ஒட்டிய ஒரு பட்டறை. பின்பக்கம் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார் நின்றது. ஜெர்மன் தயாரிப்பு, இரண்டு கதவு, 2013 மாடல், கர்நாடகப் பதிவு. ஆம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் பெங்களூரில் 14 லட்சத்துக்கு வாங்கி வந்தது. புதிதாக இருந்தபோது அதன் விலை அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஏலகிரிக்கு ஒருமுறை போய்விட்டு வந்தார். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியது. மூன்றாவது மாதம் இரண்டாவது கியர் விழ மறுத்தது. டிஸ்ப்ளேயில் கியர் படம் ஒன்று சிவப்பாக எரிந்தது.

மெக்கானிக் அண்ணன் மேசையில் ஒரு துணியை விரித்து, கழற்றிய பாகத்தை வைத்துக் காட்டினார். உள்ளங்கை இரண்டைச் சேர்த்த அகலம். அலுமினியக் கட்டையில் எறும்புப் புற்று மாதிரி எண்ணெய் ஓடும் வழிகள், மேலே ஒரு சின்ன மின் பலகை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் உள்ள இரண்டு கிளட்சையும் மாற்றி மாற்றிப் பிடித்து விடுவதற்கு மூளை அதுதான். "இது கெட்டா ரிப்பேர் இல்ல தம்பி, மாத்தணும்" என்றார். புதுசு போட்டால் கூலியோடு நான்கு லட்சத்துக்கு மேல். தம்பி என்னைப் பார்த்து, "அண்ணா, வண்டியே பதினாலுதானே?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. காரின் விலை 60-லிருந்து 14-க்கு இறங்கிவிட்டது. பாகத்தின் விலை இறங்கவே இல்லை. அந்தக் கட்டையும், பிரேக் டிஸ்க்கும், சஸ்பென்ஷனும், டர்போவும் இன்னமும் 60 லட்சம் காருக்கு உரிய விலையில்தான் வருகின்றன. சில பாகங்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறவும் செய்கின்றன. முதல் சொந்தக்காரருக்கு நான்கு லட்சம் என்பது வண்டியின் விலையில் பதினைந்தில் ஒரு பங்கு. மூன்றாவது சொந்தக்காரருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சந்தை அந்த வண்டிக்கு 14 லட்சம் என்று விலை வைத்திருக்கிறது. மலிவாகத் தெரியும் விலைக்குள் வரப்போகும் ரிப்பேர் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வாங்குகிறவருக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். பட்டறைகளில் இப்படி மூடி நிற்கும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. வண்டிக்காகவும், அதை வாங்கிய பிள்ளைக்காகவும்தான்.

ஸ்போர்ட்ஸ் காரின் வாழ்க்கையில் ஆபத்தான காலமே இந்த அடிமட்ட விலைக் காலம்தான். புதிதாக இருக்கும்போது காசுள்ளவர் பராமரிப்பார். ரொம்பப் பழையதானால் பித்துப் பிடித்தவர் பராமரிப்பார். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து வருஷம் யாருக்கும் வேண்டாத காலம். அப்போதுதான் சர்வீஸ் தள்ளிப் போகும், டூப்ளிகேட் பாகம் ஏறும், கண்ட சைலன்சர் மாட்டுவார்கள், கடைசியில் உடைத்து விற்பார்கள். ஒரு மாடலின் எண்ணிக்கை தொழிற்சாலையில் முடிவாவதில்லை. இந்தக் காலத்தில் எத்தனை தப்பிக்கின்றன என்பதில்தான் முடிவாகிறது.

பிறகு விலை ஏறுவதற்கான காரணத்தை வட ஆற்காட்டுக்காரருக்கு வெளிநாட்டுக் கதை சொல்லி விளக்க வேண்டியதில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் போதும். 1985-ல் வந்து 1996-ல் நின்ற 98 சி.சி. வண்டி. 2000-களில் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் மைலேஜ் காட்டி வந்தபோது அதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இன்று நல்ல வண்டிக்கு அப்போதைய ஷோரூம் விலையைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். ராஜ்தூத் 350 இன்னும் தெளிவான உதாரணம். 1983 முதல் 1980-களின் கடைசி வரை வந்த, 347 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டி. விற்ற காலத்தில் பெட்ரோல் குடிக்கிறது, பாகம் விலை என்று ஒதுக்கினார்கள். விற்பனை சுமார்தான். அப்போது ஒதுக்கிய அதே காரணத்தால் வண்டிகள் குறைவு, இன்று குறைவு என்பதால் விலை.

ஆனால் அரிது என்பது மட்டும் போதாது. 1990-களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்று இந்தியாவிலேயே செய்த இரண்டு சீட் கார் ஒன்று வந்தது. கண்ணாடி இழை உடல், ரெனோ எஞ்சின். மிகக் கொஞ்சம்தான் விற்றது. பெயர் சொன்னால் எத்தனை பேருக்கு முகம் மலரும்? ஆர்.எக்ஸ். 100 என்றால் மலரும். மாமா ஓட்டியது, காலேஜ் சீனியர் ஓட்டியது, சினிமாவில் பார்த்தது. பதினைந்து வயதில் ஏங்கிய பொருளை வாங்கும் வசதி நாற்பது, நாற்பத்தைந்தில் வருகிறது. உலகம் முழுக்கப் பழைய வண்டி விலை ஏறுவதற்குப் பின்னால் இந்த இருபத்தைந்து, முப்பது வருஷ இடைவெளி இருக்கிறது.

உலகச் சந்தையில் இதற்கு நல்ல சாட்சி போர்ஷே 911. காற்றால் குளிரும் எஞ்சினோடு 1960-களில் தொடங்கிய வரிசை 1998-ல் முடிந்தது. அடுத்து வந்த 996 மாடல் தண்ணீரால் குளிர்வது. ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. முகப்பு விளக்கு வடிவமும் பிடிக்கவில்லை. எஞ்சினுக்குள் ஒரு பேரிங் உடையும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பல வருஷம் 911 வரிசையிலேயே மலிவானது அதுதான். இதற்கு நேர்மாறாக, காற்றால் குளிரும் கடைசி மாடல்களின் விலை எங்கோ போய்விட்டது. அவை பெரிதும் ஏறியபிறகு, எட்டாதவர்கள் 996 பக்கம் திரும்பினார்கள். பேரிங்குக்கும் மாற்று வழி வந்துவிட்டது, அதன் விலையும் எழுந்தது. கார் மாறவில்லை. அதன் குறை என்ன, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பது தெரிந்துபோனதும் பயம் விலகியது.

சட்டமும் விலை ஏற்றும். அமெரிக்காவில் 25 வயது தாண்டிய காரை அந்நாட்டு விதிகளுக்குப் பொருந்தாவிட்டாலும் இறக்குமதி செய்யலாம். 1989-ல் வந்த நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜி.டி.ஆர். 2014-ல் அந்த வயதை எட்டியது. ஜப்பானில் மலிவாகக் கிடந்தவற்றை அமெரிக்கர்கள் வாங்கத் தொடங்க, எல்லா ஊரிலும் விலை ஏறியது. கையால் போடும் கியரும் அப்படித்தான். தயாரிப்பாளர்கள் அதை ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, பழைய ஃபெராரிகளில் மேனுவல் கியர் உள்ளவை ஆட்டோமேட்டிக்கைவிட வெகுவாக விலை போகின்றன. உச்சியில் இருப்பவை வேறு உலகம். 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 2018-ல் அமெரிக்க ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தம் 106 செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1-ல் ஒன்று 2021-ல் 2 கோடி டாலரைத் தாண்டியது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, பழைய கார் எல்லாம் ஏறும் என்று நம்புகிறவர்கள் 1988-ஐயும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்ததும் ஃபெராரிகளின் விலை பறந்தது. வாங்கியவர்களில் பலர் ஓட்டுவதற்கு வாங்கவில்லை, விற்பதற்கு வாங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பணம் வற்றியதும் விலை சரிந்தது. மீண்டு வரப் பல வருஷம் ஆயிற்று.

இந்தியாவில் ஏற எல்லாத் தகுதியும் உள்ள கார் எது என்று கேட்டால் நான் போலோ ஜி.டி.ஐ.யைச் சொல்வேன். 2016 நவம்பரில் 25.65 லட்சத்துக்கு வந்தது. மூன்று கதவு, 1.8 லிட்டர் டர்போ, 192 குதிரைத்திறன், இந்தியாவுக்கு 99 மட்டும். போலோவுக்கு 25 லட்சமா என்று ஜனங்கள் ஒதுங்க, அடுத்த வருஷமே விலையை 20 லட்சத்துக்குக் கீழே இறக்கினார்கள். 2022-ல் இங்கே போலோவே நின்றுவிட்டது. ராஜ்தூத் 350-ன் கதை திரும்ப நடப்பது போல எனக்குத் தோன்றுகிறது. சாதாரண போலோக்கள் நம் ஊரிலேயே நிறைய ஓடியதால் சின்னச் சின்னப் பாகங்களுக்கு வழி இருக்கிறது. பெரிய ஆறுதல் அது.

நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய சில விஷயங்களும் விலையில் நுழைகின்றன. பெங்களூர் 200 கிலோமீட்டர் சொச்சம், சித்தூர் எல்லை காட்பாடியைத் தாண்டினால் வந்துவிடும். வெளிமாநில வண்டி மலிவாகத் தெரிவதால் பலர் வாங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பழைய மாநிலத்தில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, நம் மாநில வரியை வண்டியின் வயதுக்கு ஏற்பக் கட்டி, அங்கே மீதி வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். டெல்லியில் பெட்ரோல் கார் 15 வருஷம், டீசல் கார் 10 வருஷம் என்று கட்டுப்பாடு வந்தபிறகு அங்கிருந்து தெற்கே வரும் வண்டிகளுக்கும் இதே கணக்குதான். இங்கே 15 வருஷம் முடிந்தால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் சாதாரண காருக்கு 600-லிருந்து 5,000 ஆனது, இறக்குமதிக் காருக்கு 40,000. பதினான்கு வயது இறக்குமதிக் கார் ஒன்று சட்டென்று மலிவாக விற்பனைக்கு வந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலூர் வெயிலுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. கடல் காற்று இல்லாததால் சென்னை வண்டிகளைப் போல அடிப்பாகம் துருப்பிடிப்பதில்லை. ஆனால் ரப்பர் எல்லாம் காய்ந்துவிடும். புஷ், கதவு பீடிங், எண்ணெய் ஹோஸ், டேஷ்போர்டு எல்லாம் கிழடு தட்டும். மீட்டரில் 18,000 கிலோமீட்டர் என்று பார்த்து மயங்காமல் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-ஆம் வாரம் செய்தது. குறைந்த ஓட்டமும் பழைய டயரும் சேர்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்லவில்லை என்று நம்பலாம், ஆனால் வண்டி வருஷக்கணக்கில் சும்மா நின்றிருக்கிறது. நின்ற வண்டிக்குச் செலவு கூட. குனிந்து அடியையும் பாருங்கள். நம் ஊர் வேகத்தடைகள் தாழ்ந்த காரின் வயிற்றில் எழுதிய கோடுகள் அங்கே இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிமுனையில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023-லும் சென்னையில் மூழ்கிய கார்கள் துடைத்துப் பளபளவென்று இந்தச் சாலையில்தான் மேற்கே வந்தன.

எல்லாவற்றையும்விட விலையைத் தீர்மானிப்பது காகிதம். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே நிறம் உள்ள இரண்டு வண்டிகளில் சர்வீஸ் பில் முழுதாக உள்ளது ஒரு விலை, இல்லாதது ஒரு விலை. வயது ஏற ஏற இந்த இடைவெளி விரியும். புது வண்டியில் பில் இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். இருபது வருஷத்து வண்டியில் யார் எந்தப் பாகத்தை மாற்றினார் என்பதற்கு அந்தத் தாள்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வேப்பமரத்தடி வண்டி ஏழு மாதம் அங்கேயே நின்றது. நடுவில் புரோக்கர் ஒருவர் வந்து அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஆறு லட்சம் என்றார். பாகம் பாகமாக விற்றாலே அவருக்கு அதற்கு மேல் வரும் என்று மெக்கானிக் அண்ணன் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். தம்பி கொடுக்கவில்லை. போன தை மாதம் கியர் பாக்ஸ் வேலை முடிந்து வண்டியை எடுத்துப் போனார். முன் சீட்டில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் கோப்பு வைத்திருந்தார். பழைய சொந்தக்காரர்களிடமிருந்து அவருக்கு ஒரு பில்லும் வரவில்லை. அதனால் கோப்பில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது, நான்கு லட்சத்து முப்பதாயிரத்துக்கு.